மேட்டூர் மதகும் ஆற்றின் பங்கும்

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று டெல்டா பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவது வழக்கம். குறுவை, சம்பா, தாளடி ஆகிய நெற்பருவங்களைக் கணக்கிட்டு வைத்த தேதிகள் இவை. மூடிய பிறகு குடிநீருக்கென்று சிறிதளவு விடப்படும். கீழே டெல்டாவின் ஆறுகள் அடுத்த திறப்பு வரை பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். ஆற்றில் வாழும் எதற்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. வகுத்தவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லவும் முடியாது. அணை திறக்கப்பட்ட 1934-இல், ஆற்றுக்கும் ஒரு தேவை உண்டு என்று வாதிட்டவர்கள் உலகில் எங்குமே மிகச் சிலர். இன்று அந்த வாதம் நீதிமன்றங்களிலும் கொள்கை ஆவணங்களிலும் இடம்பிடித்துவிட்டது. குடிக்கவும் பயிரிடவுமே போதாமல் நான்கு ஆட்சிப்பரப்புகள் வழக்காடும் ஓர் ஆற்றில், ஆறு ஆறாக இருப்பதற்கென்று தண்ணீர் ஒதுக்குவது கடமையா? கடமை என்றால், மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பங்கை யாருடைய வயலிலிருந்து எடுப்பது?

அணை ஆற்றை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1925-இல் தொடங்கிக் கட்டப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதற்கு மேலே கர்நாடகத்தில் 1931-இல் முடிந்த கிருஷ்ணராஜ சாகரும், பின்னாளில் எழுந்த ஹாரங்கி, ஹேமாவதி, கபினி அணைகளும் இருக்கின்றன. அணைகளுக்கு முந்தைய காவிரிக்கு ஒரு போக்கு இருந்தது. குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் கலங்கிய புதுவெள்ளம் இறங்கும். ஆடியில் கரை தொடும், ஆவணி புரட்டாசியில் மெல்ல வடியும், ஐப்பசியில் கீழ்ப்படுகையின் மழையோடு இன்னொரு முறை ஏறும், கோடையில் மெலிந்து ஓடும். இப்போது முதல் வெள்ளம் நீர்த்தேக்கங்களை நிரப்பப் போய்விடுகிறது. அதன்பின் மதகு வழியே வருவது வயல் கேட்கும் அளவு. மொத்தத்தில் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதில்தான் மாற்றம் பெரிது.

இந்த நேர மாற்றம் மீனுக்கு உயிர்ப் பிரச்சினை. கெண்டை இனங்களில் பல, புதுவெள்ளத்தின் கலங்கலையும் வேகத்தையும் குளிர்ச்சியையும் உணர்ந்துதான் எதிரேறி முட்டையிடுகின்றன. வெள்ளம் வராவிட்டால் சினை இருந்தும் பயனில்லை. கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக ஏறிவந்த உள்ளம் மீன், வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன், ஒருகாலத்தில் காவிரியிலும் பிடிபட்டது. மேட்டூருக்குப் பிறகு அது அருகிப்போனது. உலகில் காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் திமில் மகசீர் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் வீழ்ச்சிக்கு அணைகளை மட்டும் பழிசொல்வது சரியல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேறு மகசீர் இனமும் வெடிவைத்து மீன்பிடிப்பதும் அதில் பங்காளிகள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட கட்லாவும், பரவிய ஜிலேபிக் கெண்டையும் மீனவக் குடும்பங்களுக்குப் பிழைப்புத் தந்திருக்கின்றன. அணை மீனையே இல்லாமல் ஆக்கிவிட்டது என்பது மிகை. ஆற்று மீன் போய் ஏரி மீன் வந்தது என்பது நேரான கணக்கு.

மேட்டூருக்குக் கீழேயும் ஆறு தடையின்றி ஓடுவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரம் எடுக்கும் கதவணைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஈரோடு வரையிலான காவிரி, படிக்கட்டு வைத்த குளங்களின் வரிசையாகிவிட்டது. அதற்கும் கீழே மாயனூர், முக்கொம்பு, கல்லணை, அணைக்கரை. இவற்றில் சில மிகப் பழையவை. முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-இல் மேலணை கட்டியதற்குக் காரணமே, காவிரி மணல் மூடித் தூர்ந்து, வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக்கொண்டிருந்ததுதான். மனிதக் கை படாத காவிரி என்று ஒன்றை மீட்டெடுக்கும் பேச்சு ஆகவே பொருளற்றது. ஈராயிரம் ஆண்டு வேளாண்மை தொட்ட ஆறு இது. மேட்டூருக்கு முன் இருந்த அணைக்கட்டுகள் தண்ணீரைத் திருப்பின, தேக்கி வைக்கவில்லை. வெள்ளமும் வண்டலும் அவற்றைத் தாண்டிப் போயின. வண்டல் இன்று மேட்டூரின் அடியில் படிகிறது. டெல்டாவை உண்டாக்கிய அந்த மண்ணை உழவர்கள் லாரியில் அள்ளிச் செல்ல 2017-இல் அரசு அனுமதி கொடுத்தது. ஆறு இலவசமாகக் கொண்டுவந்து கொட்டியதற்கு இப்போது டீசல் செலவு.

ஆற்றின் கடைசிப் பகுதியில் விளைவு இன்னும் வெளிப்படை. முத்துப்பேட்டைச் சதுப்பில் நன்னீர் வரத்து குறைந்து உப்பு ஏற ஏற, உப்பை மிகுதியாகத் தாங்கும் அலையாத்தி வகை ஒன்றே காட்டை ஆள்கிறது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே பிச்சாவரம் இருக்கிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இத்தகைய இடங்களில்தான் இறாலும் பல கடல் மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. ஆற்றின் தள்ளுவிசை குறைந்தால் கடல்நீர் ஆற்றுக்குள்ளும் நிலத்தடியிலும் உள்ளே வருகிறது. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் கரிப்பதற்கு, நிலத்தடி நீரை அளவுமீறி இறைப்பதோடு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவையும் நீதி எப்படி எடைபோட்டது? 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு அளித்தது. இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டாவது கிடைக்கும் என்று நம்பத்தக்க மொத்த நீர் 740 டிஎம்சி என்று கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. சுற்றுச்சூழலுக்கு 10. தடுக்க இயலாமல் கடலுக்குத் தப்பிவிடும் நீர் என்று 4. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்துக்கு 284.75 ஆகக் கூட்டியது. சூழலுக்கான பங்கில் கைவைக்கவில்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் சேர்த்து 14 டிஎம்சி, மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. கங்கையின் மேற்பகுதி அணைகளுக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு விதித்த அளவோடு இதை ஒப்பிடலாம். அங்கே பருவத்துக்கு ஏற்ப, மாதச் சராசரி வரத்தில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை ஆற்றில் விட்டாக வேண்டும். கங்கையின் மலைப்பகுதியும் காவிரியும் ஒன்றல்ல என்பது உண்மை. அங்கே அணைகளின் முதன்மை வேலை மின்சாரம். விட்ட நீர் வீணாவதில்லை, விசையாழி வழியாகப் போகவில்லை, அவ்வளவே. ஆனாலும் இடைவெளி மிகப் பெரிது.

அந்த 10 டிஎம்சி எப்படி வருகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. கர்நாடக, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் மாத அட்டவணையில் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி. நொடிக்கு ஏறக்குறைய 965 கன அடி; கோடையில் ஆறு அறுந்துவிடாமல் காக்கும் மெல்லிய நூல். பிலிகுண்டுலுவைத் தாண்டியதும் அது மேட்டூர் இருப்பில் கலந்துவிடுகிறது. அங்கிருந்து அதை எப்போது, எவ்வளவு வேகத்தில், எதுவரை கொண்டுசெல்ல வேண்டும் என்பது பற்றி அட்டவணையில் எதுவும் இல்லை. அட்டவணையின் வேலை இரு மாநிலங்களின் எல்லையில் முடிந்துவிடுகிறது.

ஆற்றுக்குப் பங்கு தரக் கூடாது என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு டிஎம்சி என்பது சுமார் 23,000 ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். நெல்லுக்கு நான்கடி தேவை என்று வைத்தால் 10 டிஎம்சியில் ஏறக்குறைய 57,000 ஏக்கர் விளையும். அந்த நிலங்களில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் சிறு உழவர்கள், குத்தகைக்காரர்கள், கூலியாட்கள். அவர்களிடம் போய், மீன் சினையிடுவதற்காக உங்கள் மடையை அடைக்கிறோம் என்று சொல்லும் துணிவு, வயிறு நிறைந்த ஊர்க்காரருக்கு எளிதாக வரும். ஏழையின் செலவில் இயற்கையைக் காக்கும் திட்டங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிய ஐயம் நியாயமானதே.

ஆனால் அந்தக் கணக்கில் விளைச்சல் மட்டுமே வரவாக எழுதப்பட்டிருக்கிறது. கழிமுகத்தில் வலை வீசுபவரின் இழப்பும், கிணறு கரித்துப்போன கடலோரக் குடும்பத்தின் இழப்பும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களும் மனிதர்கள்தான், பெரும்பாலும் ஏழைகள்தான். மனிதன் ஒரு பக்கம், மீனும் மரமும் மறுபக்கம் என்று வழக்கை எழுதிக்கொள்வதே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. உண்மையில் ஒரு தட்டில் இருப்பவர்கள் மதகுக்கு அருகில் உள்ள மனிதர்கள்; மறுதட்டில் மதகிலிருந்து தொலைவில் உள்ள மனிதர்களும், வாயில்லாத உயிர்களும், இனிப் பிறக்கப்போகிறவர்களும்.

மூத்த உரிமை என்பது இரண்டாவது வாதம். 1892, 1924 ஒப்பந்தங்களில் சென்னை மாகாணம் நின்றது இதன்மேல்தான். பல நூறு ஆண்டுகளாக இந்தத் தண்ணீரில் பயிர் செய்து வருகிறோம், மேலே இருப்பதாலேயே நீங்கள் அதைத் தடுத்துவிட முடியாது என்பது அதன் சாரம். வலுவான வாதம், நியாயமானதும்கூட. ஆனால் இதை ஏற்பவர் அதன் முழு நீளத்தையும் ஏற்க வேண்டும். மேலே இருப்பவருக்கு, கீழே ஓடிவந்துகொண்டிருந்ததை நிறுத்தும் உரிமை இல்லை என்றால், மேட்டூருக்குக் கீழேயும் அது செல்லும். தலைமடைக்காரர் கடைமடையை மறிக்க முடியாது. டெல்டா முழுவதும் சேர்ந்தாலும் முத்துப்பேட்டையையும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்தையும் மறிக்க முடியாது. பிலிகுண்டுலுவில் ஒரு நியாயமும் அணைக்கரையில் இன்னொரு நியாயமும் பேசுவது பொருந்தாது. பழைமைதான் உரிமைக்கு அளவுகோல் என்றால் உள்ளம் மீனுக்கும் அலையாத்திக்கும் மூத்தவர் யாருமில்லை. காவிரி வழக்கில் கீழ்க்கரையின் உரிமைக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடிய தமிழ்நாடு, இந்த அறத்தை மற்றவரைவிட நன்றாக அறிந்த மாநிலம்.

ஆற்றையே உரிமையுள்ள ஓர் ஆளாக அறிவித்துவிடலாம் என்பது மூன்றாவது வழி. உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் கங்கையையும் யமுனையையும் அப்படி அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. உணர்ச்சிக்கு இது நிறைவு தரலாம். ஆனால் ஆற்றுக்காக மனுப்போடவும், மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்கவும், மறுத்தால் வழக்காடவும் யாராவது நியமிக்கப்படாத வரை அந்த உரிமையால் ஒரு கன அடிகூட இறங்காது. இதைவிடப் பயன்படக்கூடியது, பியாஸ் ஆற்றை ஒரு விடுதிக்காகத் திசைதிருப்பிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பொதுப் பொறுப்புக் கோட்பாடு. அதன்படி ஆற்றுக்கு அரசு உடைமையாளர் அல்ல, பொறுப்பாளர். பொறுப்பாளருக்குச் சொத்தின் விளைச்சலைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் உண்டு. முதலைக் கரைக்கும் அதிகாரம் இல்லை. மீன் இனம் அற்றுப்போவதும், நிலத்தடி நன்னீரில் கடல் புகுவதும், முகத்துவாரம் தூர்ந்துபோவதும் முதல் கரைவதுதான்.

அப்படியானால் ஆற்றின் பங்கு எல்லோருக்கும் கொடுத்தபின் மிஞ்சுவதாக இருக்க முடியாது. முதலில் எடுத்துவைப்பதாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா 1998-இல் இயற்றிய நீர்ச் சட்டத்தில் இதைச் செய்தது. மனிதரின் அடிப்படைத் தேவைக்கு ஒரு பங்கும், ஆற்றின் உயிர்ச்சூழலுக்கு ஒரு பங்கும் முதலில் ஒதுக்கப்படுகின்றன. மீதிதான் வயலுக்கும் ஆலைக்கும் பகிர்வுக்கு வருகிறது. நடைமுறையில் அங்கும் இடறல்கள் உண்டு. வரிசை சரியானது. இந்தியாவின் 2002 தேசிய நீர்க்கொள்கை சூழலை நான்காம் இடத்தில், குடிநீர், பாசனம், மின்சாரம் ஆகியவற்றுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தது. 2012 கொள்கை குறைந்தபட்சச் சூழல் தேவையை உணவுப் பாதுகாப்போடு ஒரே வரிசைக்கு உயர்த்தியது. கொள்கை ஆவணத்தில் கிடைத்த உயர்வு அணைகளின் இயக்க விதிகளுக்கு இறங்கி வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

இந்த வாக்குவாதத்தில் பலரும் தவறவிடும் ஓர் உண்மை உண்டு. ஆறு தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை. நெல் உறிஞ்சிய நீர் காற்றில் போய்விடும். மேட்டூரிலிருந்து மீனுக்காக விட்ட நீரோ திருச்சி வரை ஆற்றுக்கு வேலை செய்துவிட்டு, கல்லணையில் அப்படியே வாய்க்காலுக்குத் திரும்பலாம். வழியில் மணலில் இறங்கும் பங்கும் வீணில்லை. ராமநாதபுரம் வரை செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் கிணறுகள் ஆற்று மணலில்தான் நிற்கின்றன. அந்த மணலில் ஊறும் நீர்தான் குழாயில் வருகிறது. (மணலையே அள்ளி விற்றுவிட்டு ஊற்றைத் தேடுவது வேறு கதை.) ஆகவே மேட்டூருக்கும் கல்லணைக்கும் இடையில் ஆற்றின் தேவையும் மனிதத் தேவையும் பெரும்பாலும் ஒரே தண்ணீரால் தீரக்கூடியவை. மோதல் உண்மையாக இருப்பது இரண்டு இடங்களில்: கடைசி நீளத்தில், அதாவது அணைக்கரைக்குக் கீழே கடலுக்குப் போகும் நீரில், பிறகு, பாசனம் கேட்காத மாதத்தில் தேக்கத்திலிருந்து வெளியேறும் நீரில்.

அந்த இரண்டு இடங்களிலும் அளவைவிட நேரம் முக்கியம். கொலராடோ ஆறு மெக்சிகோவில் கடலைத் தொடாமலே பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. 2014 மார்ச்சில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் உடன்பாட்டின்படி மொரேலோஸ் அணையிலிருந்து எட்டு வாரம் தண்ணீர் விட்டன. மொத்தம் சுமார் 13 கோடி கன மீட்டர், நம் கணக்கில் 4.6 டிஎம்சி. மே மாத நடுவில் ஆறு கடலைத் தொட்டது. படுகையில் வில்லோவும் காட்டன்வுட்டும் முளைத்தன. பெரும்பகுதி நிலத்தடிக்குப் போனது, தொடர்ந்து விடாவிட்டால் முளைத்தது நிலைக்காது என்பதும் சேர்ந்தே தெரிந்தது. காவிரிக்கென்று ஒதுக்கிய 10 டிஎம்சியைவிட மிகக் குறைந்த நீர் அது. அந்த 10 டிஎம்சியை நான்கு மாதத்துக்குச் சமமாகப் பிரித்துச் சொட்டவிடுவதா, ஒரு பகுதியை ஆடியில் சில நாள் வெள்ளமாக விடுவதா என்ற கேள்வியே காவிரியில் இதுவரை பெரிதாக எழவில்லை.

ஆடியில் தண்ணீர் விடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதுமில்லை. அணை வற்றியிருந்த சில ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்காக மேட்டூரிலிருந்து தனியாகத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். பயிருக்குமில்லை, குடிக்கவுமில்லை, காவிரியில் புதுப்புனல் வரும் நாளில் பெண்கள் தாலிச்சரடு மாற்றிப் படையலிட ஆற்றில் நீர் வேண்டும் என்பதற்காக. அதை வீண் என்று யாரும் வழக்குத் தொடரவில்லை. ஆற்றில் நீர் ஓடுவதற்கு நெல் மூட்டையைத் தவிரவும் காரணம் இருக்கலாம் என்பதைச் சமூகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தச் சடங்கு பிறந்த நாளும் கெண்டைகள் எதிரேறும் காலமும் ஒன்றாக இருப்பது தற்செயலில்லை; இரண்டுக்கும் காரணம் அதே வெள்ளம்.

கடினமான பகுதி வறட்சி ஆண்டு. அங்கே எல்லோர் பங்கும் சுருங்கும். ஆற்றின் பங்கு மட்டும் சுருங்கக் கூடாது என்பது பிடிவாதம். ஆனால் சுருங்கும் வரிசைக்கு ஒரு நியாயம் வேண்டும். குடிநீர் முதலில், மனிதருக்கும் ஆடுமாட்டுக்கும். இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் குடிநீர் என்ற பெயரில் பெரிய பங்கு கேட்கப்படும்போது கணக்கைச் சரிபார்ப்பது நல்லது. ஒரு கோடிப் பேருக்கு நாளுக்கு ஆளுக்கு 100 லிட்டர் வீதம் ஆண்டு முழுதும் கொடுக்கச் சுமார் 13 டிஎம்சி போதும். தாகமும் ஆறும் அரிதாகத்தான் எதிரிகள். பாசனமும் ஆறும்தான் உண்மையில் மோதுபவை.

அடுத்த இடத்தில் திரும்ப வராத இழப்புகள். ஒரு போகம் போனால் கடன் ஏறும், குடும்பம் நொடியும். அது கொடியது, ஆனால் ஈடு செய்யக்கூடியது. ஓர் இனத்தின் கடைசிக் கூட்டம் ஒரு கோடையில் மடுக்களோடு வற்றிப்போனால் எந்த வரவு செலவுத் திட்டத்தாலும் அதை மீட்க முடியாது. ஆகவே வறட்சியில் ஆற்றுக்கு உரியது ஓட்டமில்லை, உயிர்ப்பிடிப்பு: மீன் ஒதுங்கும் ஆழமான மடுக்கள் வற்றாதிருக்கும் அளவும், கழிமுகத்தில் உப்பு எல்லை மீறாத அளவும். வெள்ளமாக விடுவதை அந்த ஆண்டு ஒத்திவைக்கலாம். தொடர்ந்து பல ஆண்டுகள் ஒத்திவைக்க முடியாது. இந்த எல்லைகள் மூன்று அல்லது நான்கு ஆண்டு வறட்சிக்கும் சேர்த்து முன்கூட்டியே வரையப்பட வேண்டும். பயிர் காய்கிறபோது வரைய உட்கார்ந்தால் யாருக்கும் நடுநிலை இருக்காது.

நிற்கும் பயிருக்கும் விதைக்காத பயிருக்கும் இடையே அறத்தில் பெரிய வேறுபாடு உண்டு. 2023-இல் வழக்கமான நாளில் அணை திறக்கப்பட்டது. மேலிருந்து வரத்து குறைந்து, அக்டோபர் 10 அன்றே மூட நேர்ந்தது. அதற்குள் விதைத்தவர், நட்டவர், கடன் வாங்கியவர் எல்லோரும் நடுவழியில் நின்றார்கள். 2024-இல் இருப்பு போதாமல் திறப்பு ஜூலை 28 வரை தள்ளிப்போனது. ஜூன் 12 என்பது உழவர்க்கு அரசு கொடுக்கும் வாக்கு. வாக்குக்குத் தனி மதிப்பு உண்டு; அந்த நாளை நம்பி நாற்றங்கால் போடுகிறார்கள். கையிலில்லாத தண்ணீரை வைத்து வாக்குக் கொடுப்பதுதான் தவறு. நட்ட பயிரிலிருந்து ஆற்றுக்கு எடுப்பது கொடுமை. விதைப்புக்கு முன்பே, இந்த ஆண்டு இவ்வளவு ஏக்கருக்குத்தான் நீர், இவ்வளவு ஆற்றுக்கு என்று அறிவித்துவிட்டு, குறுவையை விட்டுக்கொடுப்பவருக்கு ஈடு தருவது தாங்கக்கூடியது. அந்த ஈடும் பட்டாவில் பெயருள்ளவரோடு நின்றுவிடக் கூடாது. டெல்டாவில் உழுபவர் பலர் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். நடவு இல்லாத பருவத்தில் முதலில் கூலியை இழப்பவர்கள் நடவுப் பெண்கள். ஆற்றின் நலன் எல்லோருக்கும் பொது என்றால், அதன் செலவைக் கடைசி ஆளின் தலையில் இறக்குவது அநியாயம்.

தேவை வேறு, பழக்கம் வேறு என்பதும் இங்கே வரும். வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் நெல்லுக்குக் கணிசமாகத் தண்ணீர் மிச்சம் என்பதை வேளாண் துறையினர் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். அதைச் செய்ய உழவருக்குச் சொன்ன நாளில் முறைத்தண்ணீர் வந்துசேரும் என்ற உறுதி வேண்டும். வருமா வராதா என்று தெரியாதவர் வரும்போது தேக்கத்தான் செய்வார். சிக்கனத்தின் பொறுப்பு வயலில் தொடங்குவதில்லை, வாய்க்காலின் தலைப்பில் தொடங்குகிறது. மிச்சமாகும் நீர் ஆற்றுக்குப் போகும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அது இன்னொரு ஆயக்கட்டுக்கோ நகரத்துக்கோ போய்விடும் என்பதும் அனுபவம்.

மாசை நீர்க்கச் செய்வதற்காக ஆற்றுநீரைக் கேட்பதற்கு இந்தப் பங்கில் இடமில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியாக இறங்கிய காலத்தில், காவிரியில் நீர் மிகுந்தால் நிறம் தெரியாமல் போகும். அதை ஆற்றுக்குக் கிடைத்த நன்மையாக எழுதுவது ஏமாற்று; கழிவை அதன் பிறப்பிடத்திலேயே நிறுத்த வேண்டியவரின் கடனை ஆறு கட்டியதாகும்.

வெள்ள ஆண்டுகளில் எதிர்ப் பிரச்சினை எழுகிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவில் நீர் வெளியேறியது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகள் ஒன்பது உடைந்துபோயின. அத்தனையும் கடலில் கலந்ததே என்ற ஆற்றாமை, ஏரிகள் நிரம்பாத கடைமடையில் நியாயமாகவே எழுந்தது. வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டதன் பழி கடலின்மேல் விழுந்தது. அந்த வெள்ளம் முகத்துவாரத்தின் மணலை அரித்துத் திறந்தது, உப்பைப் பின்னே தள்ளியது, வண்டலையும் சிறிது கொண்டுபோனது. கொள்ளிடத்தில் ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே கட்டப்பட்டதுபோன்ற கதவணைகளை இந்த நோக்கில்தான் எடைபோட வேண்டும். உப்புநீர் ஏறாமல் அவை தடுக்கின்றன. கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றம் தருகின்றன. கதவுகள் எப்போது திறக்கும் என்பதை இருப்பு மட்டுமே முடிவுசெய்தால், கழிமுகம் இன்னும் ஒரு படி அறுபடும். கட்டுவதா வேண்டாமா என்ற சண்டையைவிட, கட்டியதை எந்த விதியில் இயக்குவது என்பது கூடுதல் கவனத்துக்கு உரியது.

கடைசியாக, முடிவெடுப்பவர் யார் என்பது. 2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் நீர்வளம், வேளாண்மைத் துறைகளைச் சார்ந்தவர்களும் நான்கு ஆட்சிப்பரப்புகளின் பிரதிநிதிகளும் உட்கார்கிறார்கள். கழிமுக மீனவருக்கோ, ஆற்றுச் சூழலை அறிந்தவருக்கோ தனி இருக்கை இல்லை. மதகை இயக்கும் பொறியாளரிடம் ஆற்றின்மீது அன்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவரது நல்லெண்ணத்தை நம்பி ஓர் ஆற்றை விட்டுவைக்க முடியாது. அவர் கையில் எழுதிய விதி வேண்டும்: இருப்பு இவ்வளவு இருந்தால் ஆடியில் இத்தனை நாள் இவ்வளவு கன அடி, இதற்குக் கீழே போனால் மடுக்களுக்கு மட்டும், அணைக்கரைக்குக் கீழே எந்த மாதத்திலும் இதற்குக் குறையாமல் என்று. பாசனத் திறப்பு அரசாணையாக அறிவிக்கப்படுகிறது, நாள்தோறும் நீர்மட்டமும் வரத்தும் செய்தித்தாளில் வருகின்றன. ஆற்றுக்கென்று விட்ட அளவும் அதே பட்டியலில் ஒரு வரியாக வந்தால், விடாத நாளில் கேள்வி கேட்க உழவருக்கும் மீனவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.